பேர் இல்லாத புகார்

கட்சிக்காரர்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் தலைவர் மேடையில் அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டியபோது அவன் எட்டாவது வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மேடைக்குப் பின்னால் இருந்த திரையில் காகிதம் ஆள் உயரத்துக்கு விரிந்தது. ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை, அதற்குள் கையெழுத்து தெரிந்துவிட்டது. எல்லா எழுத்தும் வலது பக்கம் சாய்ந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைப்போல இருக்கும். அவன் மனைவியின் எழுத்து. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

"நல்லாப் பாருங்க," என்றார் அண்ணன். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம தம்பி ஒருத்தர் குடுத்த புகார். பெரிய ஆஸ்பத்திரியில, துணிக்கிடங்குல வேலை. தினமும் காலையில வாசல்ல நிக்க வெச்சுக் கையை நீட்டச் சொல்லியிருக்காங்க. உள்ளங்கை, புறங்கை, நகம், விரலிடுக்கு, எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் சுத்தமான துணியைத் தொட விடுவாங்களாம். எல்லார் கையையுமா? இல்ல. நம்ம ஆளுங்க கையை மட்டும். அன்னைக்கு நம்ம கையைத் திருப்பிப் பார்த்தாங்க. இன்னைக்கு நம்ம ஆளு ஒருத்தன் தலை நிமிர்ந்து தொழில் பண்ணினா, அவன் துணியை நிறுத்துப் பார்க்கிறாங்க. இது தணிக்கையா? இனவெறி!"

பிழைக்க இந்த ஊருக்கு வந்தவர்களால் நிரம்பிய மண்டபம் அதிர்ந்தது. நடு வரிசையில் ஒரு டாக்சி ஓட்டுநர் எழுந்து நின்றார். "என் வண்டியில ஏறினதும் ஜன்னலை இறக்கிட்டு மூக்கைப் பொத்திக்குவாங்கண்ணே. பதினெட்டு வருஷம். யார்கிட்டப் போய்ச் சொல்ல?" பக்கத்திலிருந்த பெண் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவனும் துடைத்துக்கொண்டான்.

பிறகு அதை நினைத்தால்தான் அவனுக்கு உடம்பு கூசியது. அவன் அழுதது நிஜம். டாக்சிக்காரர் சொன்னது நிஜம். காகிதத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் நிஜம். காகிதத்தில் இல்லாத ஒன்றை வைத்துத்தான் பொய்யைக் கட்டியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியின் அந்தப் புகார்ப் படிவத்தில் செய்தவர் பெயரை எழுத இடமே கிடையாது. என்ன நடந்தது, எங்கே, எத்தனை நாளாக, அவ்வளவுதான் எழுத வேண்டும். பெயரை விசாரணையில் வாயால் சொல்ல வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பெயரைப் போட்டுவிட்டால் விசாரணைக்கு முன்பே சண்டை வந்துவிடும் என்று பயந்து, யாரோ புத்திசாலி செய்த ஏற்பாடு. விசாரணை வரவே இல்லை.

*

துணிக்கிடங்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் கொதிகலன் அறை, எதிரே பொருள் இருப்புக் கணக்கு அலுவலகம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறைக்கான பச்சைத் துணி, குழந்தைகள் வார்டுக்கான சின்ன விரிப்பு எல்லாம் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும். வார்டுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுப்பதும், வெளுத்து வந்ததை வாசலில் நிறுத்து வாங்குவதும் அவன் வேலை. கிழிந்ததைத் தைக்க மூலையில் ஒரு தையல் இயந்திரம். அதில் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் தையலக்கா என்பார்கள். கை ஓடும் வேகத்தில் வாயும் ஓடும்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியே துவைத்துக்கொண்டிருந்தது. போன வருடம் அதை மூடிவிட்டு வெளியே ஒப்பந்தம் விட்டார்கள். நகரசபையில் சுகாதாரக் குழுத் தலைவர் அண்ணன். ஒப்பந்தம் கிடைத்தது அண்ணியின் தம்பிக்கு. ஒப்பந்தப் புள்ளியின் நிபந்தனைகள், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அவர் ஒருவருக்கு மட்டும் பொருந்தின. அதற்கு முன்பு அவர் கைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்.

"போனுக்கு உறை போட்டவனுக்குத் தலையணைக்கு உறை போடத் தெரியாதா?" என்றாள் தையலக்கா, நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே.

கூலி எடைக்கு. துவைத்து வந்த துணி எத்தனை கிலோவோ அத்தனைக்குக் காசு. புது கம்பெனியின் மூட்டைகளில் மேலே இருக்கும் நாலு விரிப்பு மொறமொறவென்று இருக்கும். உள்ளே கையை விட்டால் சில்லென்று இருக்கும். வார்டு நர்சுகள் கீழே வந்து கத்தினார்கள். நோயாளிகள் ஈர விரிப்பில் படுத்து நடுங்கினார்கள். முதுகில் புண் இருந்தவர்களுக்குப் புண் ஆறவில்லை.

"இவன் துணி துவைக்கிறானா, தண்ணி விக்கிறானா?" என்றாள் தையலக்கா.

மூன்று மாதத்துக்கு முன்பு நகரசபையிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரி வந்தாள். நாற்பது வயது இருக்கும். இந்த ஊர்க்காரி. ஆறு வருடத்துக்கு முன்பு இதே அடித்தளத்தில், எதிர் அறையில், பொருள் இருப்புக் கணக்கில் குமாஸ்தாவாக இருந்தவள்தான். பரீட்சை எழுதி மேலே போயிருந்தாள். வந்ததும் அவன் எடைத் தராசைத்தான் முதலில் பார்த்தாள். தையலக்கா அன்றே அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்துவிட்டாள்.

"நோயாளிகள் கூடவில்லை. துணியும் கூடவில்லை. எடை மட்டும் எப்படிக் கூடுகிறது?" என்று அவள் அவனிடம் கேட்டாள். அவளோடு பேசுவது இந்த ஊர் மொழியில்.

அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இன்றைக்கு நிறுத்த மூட்டையை நாளைக்கும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்," என்றான்.

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இருவருமாக ஒரு மூட்டையைப் பிரித்துக் கொதிகலன் அறையில் கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். மறுநாள் நிறுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. பத்து நாள் இப்படியே செய்தார்கள். கடைசி நாள் அவள் சொன்னாள். "உங்கள் பெயர் அறிக்கையில் வராது."

வரவில்லை. 'ஊழியர் ஒருவர் தெரிவித்தபடி' என்று மட்டும் இருந்தது. அறிக்கை வெளியானதும் பத்திரிகைக்காரர்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒப்பந்தம் உங்கள் மைத்துனருக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒருத்தி கேட்டாள். அண்ணன் அவளையே பார்த்துவிட்டு, "எங்க ஆளா இல்லாத ஒருத்தர்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீங்களா?" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் துணியைப் பற்றிக் கேட்கவில்லை. ஐந்தாவது நாள் மண்டபத்தில் அந்தக் காகிதம் வந்தது. "தணிக்கை பண்ண வந்த அந்தம்மா யாரு? இந்தக் கொடுமை நடந்தப்போ அதே இடத்துல, எதிர் ரூம்ல வேலை பார்த்தவங்க," என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார்.

*

கையைத் திருப்பிப் பார்த்தவர் அப்போது கிடங்கு மேற்பார்வையாளராக இருந்தவர். பூதக்கண்ணாடி என்பது அவர் பட்டப்பெயர். கையால் தொடமாட்டார். பேனா முனையால் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் பேனாவைத் துடைத்துக்கொள்வார். ஓய்வு பெற்ற மறு மாதமே அண்ணியின் தம்பி அவரைத் தன் கம்பெனிக்கு மேலாளராக எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியின் நெளிவு சுளிவு தெரிந்த ஆள். இப்போது தினமும் காலையில் லாரியோடு வருகிறார். அவன்தான் அவருடைய சீட்டில் கையெழுத்துப் போடுகிறான்.

அன்று புகார் எழுதச் சொன்னது மனைவி. அவனுக்கு இந்த ஊர் மொழியில் பேச்சு வரும், எழுத்து நொண்டும்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்," என்றாள்.

"கையைப் பார்க்கிறார். எங்களை மட்டும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? ரெண்டு மாசமா ராத்திரி தூக்கத்துல கையைப் போர்வையில துடைக்கிறீங்க. அதை யாரு சொல்றது?"

அவன் மூன்று வரி சொன்னான். அவள் ஒரு பக்கம் எழுதினாள். ஒரு படி ஆஸ்பத்திரிக்குப் போனது. இன்னொரு படியைத் தன் அண்ணனிடம் கொடுத்து, கட்சியில் சொல்லி ஏதாவது செய் என்றாள். அவள் அண்ணன், அதாவது அவனுடைய மச்சான், அண்ணனின் வட்டச் செயலாளர். அவர் அதை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வருடம் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் தயவு தேவைப்பட்டது. காகிதம் மேசை இழுப்பறைக்குள் போனது. அவள் சில மாதம், "கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பிறகு அவளுக்கு வேறு காகிதங்கள் வந்தன. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்.

*

கூட்டத்துக்கு மறுநாள் மச்சான் சாப்பாட்டுக் கேரியரோடு வீட்டுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, உங்க அக்கா குடுத்துவிட்டா. சூடு ஆறதுக்குள்ள சாப்பிடு." மச்சானின் மனைவியை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அவன் தட்டு எடுத்து வைத்தான். மச்சான் எதிரே உட்கார்ந்தார். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அவளுடைய செருப்பு இன்னும் வாசலிலேயே இருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

"அண்ணன் உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் காட்டியிருக்கலாம். நேரம் அப்படி. மனசுல வெச்சுக்காத."

"அது அவ எழுத்து மச்சான்."

"என் தங்கச்சி எழுத்து எனக்குத் தெரியாதா? திரையில பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. அவ இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. ஆறு வருஷம் கழிச்சாவது நாலு பேர் படிச்சாங்களே."

"அந்தம்மா அதைச் செய்யலையே."

"செஞ்சாங்கன்னு யார் சொன்னா? அண்ணன் சொன்னாரா? அந்தம்மா அப்போ அங்க வேலை பார்த்தாங்கன்னுதான் சொன்னார். பார்த்தாங்களா இல்லையா?"

"பார்த்தாங்க. எதிர் ரூம்ல."

"அவ்வளவுதான். மீதியை ஜனங்களே போட்டு நிரப்பிக்கிட்டாங்க."

"செஞ்சது பூதக்கண்ணாடி."

மச்சான் கேரியர் மூடியை எடுத்துத் திரும்ப வைத்தார். "தெரியும். அன்னைக்கே அவ சொன்னா."

அவன் சோற்றைத் தட்டில் போட்டுப் பிசைந்தான்.

"மனுஷன் இப்போ மாறிட்டார் மாப்பிள்ளை. நம்ம பசங்களோட சரிசமமா உட்கார்ந்து டீ குடிக்கிறார். அண்ணியோட தம்பின்னா அவ்வளவு மரியாதை."

"சம்பளம் குடுக்கிறவர்கிட்ட மரியாதை இல்லாம என்ன?"

"நீ இப்படிக் குத்திக் குத்திப் பேசாத. நான் சொல்றதைக் கேளு. இந்தப் பழைய புகாரை விசாரிக்க நகரசபையில குழு போட்டிருக்காங்க, நாளன்னிக்கு உன்னைக் கூப்பிடும். நீ யார் மேலயும் பழி போட வேண்டாம். பொய்யே சொல்ல வேண்டாம். புகார் உன்னுதான்னு சொல்லு. நடந்தது நிஜம்னு சொல்லு. பேர் கேட்டா, சொல்ல விரும்பலைன்னு சொல்லிடு. பாதிக்கப்பட்டவங்களை வற்புறுத்தக் கூடாதுன்னு விதியே இருக்கு."

"அப்போ எல்லாரும் அந்தம்மாதான்னு நினைச்சுக்குவாங்க."

"நினைக்கிறதை நாம தடுக்க முடியுமா?" மச்சான் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன். அந்த அறிக்கையில 'ஊழியர் ஒருவர்'னு ஒருத்தன் வர்றான். உள்ள இருந்துக்கிட்டே எவனோ போட்டுக் குடுத்திருக்கான். அறிக்கை செல்லும்னு ஆச்சுன்னா ஒப்பந்தத்து மேல விசாரணை, சாட்சின்னு போகும், அவன் யாருன்னு வெளிய வந்துடும். அறிக்கை விழுந்துட்டா, அவன் யாரா இருந்தா நமக்கென்ன?"

சொல்லிவிட்டு மச்சான் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் படுக்கையில் கிடந்த நாலு மாதமும் வாரத்துக்கு மூன்று தடவை அவளைத் தூக்கிக் காரில் வைத்துச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனவர் மச்சான். கடைசியில் எல்லாக் காரியத்தையும் முன்நின்று செய்தவரும் அவர்தான். அவன் அன்றைக்கு எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான் என்பதுகூட அவனுக்கு ஞாபகமில்லை. மச்சான் காட்டிய இடத்தில் போட்டான்.

"சரி," என்றான்.

*

விசாரணை நகரசபைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமை வகித்தவள் தலை முழுக்க நரைத்தவள், குரலில் கனிவு இருந்தது. அவன் உட்கார்ந்ததும் தண்ணீர்க் குவளையை அவளே அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். மேசையின் கோடியில் தணிக்கை அதிகாரி இருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இது உங்கள் புகாரா?"

"ஆமாம்."

"உங்கள் கையெழுத்தா?"

"என் மனைவியுடையது. நான் சொன்னேன். அவள் எழுதினாள். இப்போது அவள் இல்லை."

மூன்று பேரும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த மரியாதை அவனுக்குத் தாங்கவில்லை. அவளுடைய சாவையும் சேர்த்து மேசைமேல் வைத்துவிட்டோமே என்று தோன்றியது.

"இதில் இருப்பது நடந்ததா?"

"நடந்தது. ஒன்று விடாமல் நடந்தது."

"இதைச் செய்தவர் யார்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. மூச்சு விடும் நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

"பேரைச் சொல்ல விரும்பவில்லை," என்றான்.

தலைவி பேனாவைக் கீழே வைத்தாள். "புரிகிறது," என்றாள். "கேட்டதற்கு எங்களை மன்னிக்க வேண்டும்." பக்கத்திலிருந்தவர் எதையோ வேகமாகக் குறித்துக்கொண்டார். பிறகு மூன்று பேரும், யாரும் சொல்லிவைக்காமலே, மேசையின் கோடியைப் பார்த்தார்கள்.

"நீங்கள் இவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?"

"இல்லை," என்றாள் அவள்.

அவன் பெயர் அவளுக்குத் தெரியும். பத்து நாள் கயிறு கட்டித் துணி காயப்போட்டவன் இவன்தான், இவனே எனக்குச் சொன்னான் என்று அவள் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாம் தலைகீழாகியிருக்கும். அவள் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை அந்த நாற்காலியிலும் காப்பாற்றினாள்.

கீழே கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். தோளைத் தட்டினார்கள். "தம்பி, கலக்கிட்டீங்க," என்றான் ஒருவன். எதைக் கலக்கினான் என்று சொன்னவனுக்கும் தெரியாது. அண்ணன் தொலைபேசியில் வந்தார். "உன் பெருந்தன்மையைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க. பேரைக்கூடச் சொல்லலையே நீ!"

மறுநாள் காலை தையலக்கா இயந்திரத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. அவன் இரண்டு தடவை ஏதோ கேட்டான். மூன்றாவது தடவை பதில் வந்தது.

"பேர் சொல்ல வெட்கப்பட நீ என்ன புதுப்பொண்ணா?"

"அக்கா, உங்களுக்குத் தெரியாது..."

"எனக்கா தெரியாது? உனக்கு அடுத்தாப்ல நின்னு நானும்தான்யா கையை நீட்டினேன். எனக்குப் பேரும் தெரியும், அந்தப் பேனா என்ன கலர்ங்கிறதும் தெரியும். என்னை யாரும் கூப்பிட்டுக் கேக்கலை. உன்னைக் கேட்டாங்க."

"நீங்களே போய்ச் சொல்லலாமே."

"சொல்வேன். சொன்னா, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து எழுதின புகாரை இவ பொய்யாக்குறான்னு என்னைத்தான் பிடிச்சுத் தின்பீங்க." அவள் மிதியை அழுத்தினாள். இயந்திரச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

லாரி வந்தது. பூதக்கண்ணாடி இறங்கினார். சீட்டை நீட்டவில்லை. கையை நீட்டினார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"நீங்கள் பெரிய மனுஷர்," என்றார்.

அவன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். சின்ன வேலைதான். ஒரு கணம்கூட ஆகவில்லை. தையலக்காவின் இயந்திரம் நின்றதை முதுகால் உணர்ந்தான். அன்று அவன் ஈர மூட்டைகளை நிறுத்தான், தராசு காட்டிய எடையை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

*

விசாரணைக் குறிப்பைத் தட்டச்சு செய்தாகிவிட்டது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மூன்றாம் நாள் தகவல் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனான். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு உறை. விலகிப் போகப் படிக்கட்டில் இடமில்லை.

"உங்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றாள். "வீட்டுக்கு வந்தால் தப்பாகிவிடும் என்று வரவில்லை."

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு நாள் காலை. என் அறைப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். நீங்கள் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் பார்த்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கென்ன என்று நினைத்தேன். அப்புறம் தினமும் கால் மணி நேரம் சீக்கிரமாக வர ஆரம்பித்தேன். அதைப் பார்க்காமல் இருப்பதற்காக."

"நீங்கள் செய்யவில்லை," என்றான் அவன். திரும்பச் சொன்னான். "செய்தது நீங்கள் இல்லை."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "யார் என்றும் தெரியும். நான் சொன்னால் தப்பிப்பதற்காகச் சொல்கிறேன் என்பார்கள். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அன்றைக்குக் கதவைச் சாத்தியவள் நான். பார்த்தேன், சும்மா இருந்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மாற்றலும் கேட்டிருக்கிறேன்."

"அறிக்கை?"

"வேறு ஒருவர் முதலிலிருந்து தொடங்குவார். தொடங்கினால்." அவள் உறையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நின்றேன். ஆறு வருடம் தாமதம்."

அவன் தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்பதுபோலத்தான் அது தெரிந்திருக்கும். அவள் இறங்கிப் போனாள். அவளுடைய காலடிச் சத்தம் தரைத்தளம்வரை கேட்டது.

அவனுடைய வாழ்க்கையில் அந்த விஷயத்துக்காக யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும் ஒரே ஆள் வந்து கேட்டபோது, அவளை அந்த வேலையைவிட்டு விலக வைத்தவனாக அவன் நின்றான். மனைவி இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க முயன்றான். முடியவில்லை. அவள் முகத்தை இந்த விஷயத்தோடு சேர்த்து வைக்கவே கூசியது.

மூன்றாம் மாடி அறையில் எழுத்தர் மட்டும் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொட்டித் துண்டு தின்றுகொண்டிருந்தார். விரலைத் துடைத்துவிட்டு இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தார். அவன் படித்தான். 'புகார்தாரர், அச்சம் காரணமாக, சம்பந்தப்பட்ட அதிகாரியின் பெயரைக் குறிப்பிட முன்வரவில்லை.'

"கீழே போடுங்கள்," என்றார் எழுத்தர்.

"இது சரியில்லை."

"எது? தேதியா?"

"அதிகாரி என்று இருக்கிறது. அவர் அதிகாரி இல்லை. மேற்பார்வையாளர்."

எழுத்தர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "பேர் சொல்லப் போகிறீர்களா?"

அவன் சொன்னான். முழுப் பெயரையும் சொன்னான். எழுத்தர் அதை எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தட்டினார்.

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"ஆஸ்பத்திரிக்குத் துணி துவைக்கும் கம்பெனியில். மேலாளர்."

தட்டும் சத்தம் நின்றது. எழுத்தர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "இதையும் போடவா?"

"போடுங்கள். எடை எப்படி வருகிறது என்று தணிக்கையில் சொன்ன ஊழியர் நான். அதையும் போடுங்கள்."

எழுத்தர் பெருமூச்சுவிட்டார். ரொட்டியை ஒதுக்கி வைத்தார். கொஞ்ச நேரம் தட்டினார்.

"அந்தம்மா மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மேலே போய்விட்டது. இதனால் அது நிற்காது. தெரிந்துகொள்ளுங்கள்."

"தெரியும்."

"வழக்கமாக ஒரு கேள்வி உண்டு. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் விசைகளில் விரலை வைத்தார். "அச்சம் காரணமாக என்று ஏற்கெனவே இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாம். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்."

"அச்சம் இல்லை."

"பிறகு?"

சட்டைப் பையில் கைபேசி அதிர ஆரம்பித்தது. எடுக்காமலே மச்சான்தான் என்று தெரிந்தது. கேரியரை வாங்கிக்கொள்ள மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். அது அடித்து ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"சொல்லாமல் இருப்பது வசதியாக இருந்தது," என்றான்.

எழுத்தர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "அப்படி எழுதினால் நாளைக்கு உங்களைத்தான் கேட்பார்கள். இரண்டு பக்கமும் கேட்பார்கள்."

"கேட்கட்டும்."

"வசதி," என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, எழுத்தர் அந்த வார்த்தையைத் தட்டினார்.